கேள்வி உங்களுடையது: நீலச் சப்பாத்துக்காரர் கார்ல் பெர்கின்ஸ்

போன மாதம் இந்தப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய் எட்டு வெள்ளி கொடுத்து அமெரிக்கப் பாடகர் கார்ல் பெர்கின்ஸின் இசைத்தட்டு ஒன்று வாங்கியதையும், அவர் சின்ன வயதில் பருத்தி பறித்தவர் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. வழக்கமாக வரும் சினிமாக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க அவர் கணக்குதான். அந்தத் தட்டு எப்படி இருக்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

ஐயா, எல்விஸ் பிரெஸ்லியின் 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டைத்தானே இந்த கார்ல் பெர்கின்ஸ் திரும்பப் பாடினார்? அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? (வாசகர், பட்டர்வொர்த்)

தலைகீழாகச் சொல்கிறீர்கள். எழுதியவரும் முதலில் பாடியவரும் பெர்கின்ஸ். 1955 டிசம்பரில் மெம்பிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸில் பதிவாகி, 1956 ஜனவரி 1ஆம் தேதி தட்டு வெளியானது. எல்விஸ் அதன் பிறகுதான் பாடினார். ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் தாய்மாமா உங்கள் ஊரில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர், அங்கிருந்த பையன்கள் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தட்டுகள் ஒரு மைலோ பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. அதில் எல்விஸ் ஏழெட்டு, பெர்கின்ஸ் ஒன்றே ஒன்று. நானும் பதினைந்து வயதுவரை, எல்விஸைப் பார்த்துக் காப்பியடித்த யாரோ ஒரு ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர் பருத்தி பறித்தார் என்று எழுதியிருந்தீர்கள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்து வெள்ளைக்காரர் என்றால் துரைதான், பங்களாதான். இது உண்மைதானா? (வாசகர், புக்கிட் மெர்தாஜம்)

உண்மைதான், அண்ணே. இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

1932 ஏப்ரல் 9, டென்னசி மாநிலத்தில் டிப்டன்வில் பக்கம் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி. குத்தகை என்றதும் நம் ஊர்க் குத்தகையை நினைக்காதீர்கள். நிலம் முதலாளியுடையது, குடியிருக்கும் பலகை வீடும் அவருடையது, விதையும் அவர் கொடுப்பது. உழைப்பு மட்டும் உங்களுடையது. விளைச்சலில் பங்கு உண்டு, ஆனால் வருஷம் முழுக்க அரிசி பருப்பு மாதிரி அவர்களுக்கு வேண்டிய மாவும் கொழுப்பும் முதலாளி கடையில் பற்று எழுதி வாங்கியாக வேண்டும், அறுப்பு முடிந்து கணக்குப் பார்க்கும்போது பங்கைவிடப் பற்று கூடுதலாக நிற்கும், அடுத்த வருஷமும் அதே நிலத்தில் அதே கதை. தோட்டத்துக் கடையில் உங்கள் அம்மா வைத்திருந்த பற்று நோட்டு ஞாபகம் வருகிறதா? நமக்கு ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), மரம் வெட்டல், பால் நிறுவை. அவர்களுக்கு விடிந்ததும் பருத்திக் காடு, முதுகில் இழுத்துப் போகும் நீளச் சாக்கு, சாயங்காலம் நிறுவை. பெர்கின்ஸ் ஆறு வயதிலேயே அந்தச் சாக்கை இழுத்தவர். ஒரு நாள் முழுக்கப் பறித்தால் அவருக்கும் அண்ணன் ஜேய்க்கும் சேர்த்தே 50 காசு கூலி.

சுற்றி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். பறிக்கும்போது அவர்கள் பாடுவார்கள். நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு கேட்டவர்களுக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே ஜான் வெஸ்ட்புரூக் என்ற வயதான கறுப்பினத் தொழிலாளி இருந்தார். 'அங்கிள் ஜான்' என்றுதான் பெர்கின்ஸ் கடைசிவரை சொல்லுவார். வேலை முடிந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கிழவர் கித்தார் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவர் இந்த வெள்ளைக்காரப் பையன். சட்டமே இரண்டு இனத்தையும் பிரித்து வைத்திருந்த காலம், ஊர் அது. பள்ளிக்கூடம் வேறு, குடிக்கிற தண்ணீர்க் குழாய் வேறு. குரு மட்டும் அந்தத் திண்ணையில் இருந்தார்.

முதல் கித்தார், அப்பா சுருட்டுப் பெட்டியில் துடைப்பக் கட்டையைச் சொருகிச் செய்து கொடுத்தது. அப்புறம் யாரிடமோ பழைய கித்தார் ஒன்று வாங்கினார்கள். கம்பி அறுந்தால் புதுக் கம்பி வாங்கக் காசு கிடையாது, அறுந்ததையே முடிச்சுப் போட்டுக் கட்டினார். முடிச்சின் மேல் விரலை வழுக்கினால் விரல் கிழியும். அதனால் முடிச்சுக்கு இந்தப் பக்கமே விரலை நிறுத்தி, கம்பியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி மேல் சுரத்தை எட்டினாராம். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பார்களே, அதே வேலை. பின்னால் உலகமே பார்த்து வாசித்த ஒரு பாணியின் ஆரம்பம், கம்பி வாங்கக் காசு இல்லாததுதான்.

சனிக்கிழமை ராத்திரி வானொலியில் நாஷ்வில் நாட்டுப்பாட்டு ('கன்ட்ரி' என்பார்களே, அது), வார நாளில் காட்டில் கறுப்பினத்தவர்களின் புளூஸ். இரண்டும் ஒரே பையனின் காதில் விழுந்தன. ராக்கபில்லி என்கிறோமே, 'ராக்' கையும் மலைநாட்டுப் பட்டிக்காட்டானைக் கேலியாகச் சொல்லும் 'ஹில்பில்லி' யையும் ஒட்டிய பெயர், அது இப்படிப்பட்ட காதுகளில்தான் பிறந்தது.

சப்பாத்துக்கு எதற்கு ஒரு பாட்டு? அதில் அப்படி என்ன தத்துவம்? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

தத்துவம் ஒன்றும் இல்லை, அதுதான் அதன் அழகு. பாடகர் ஜானி கேஷ் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது கூட இருந்த ஒருவர், வெளியே கிளம்பும்போது சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 'என் நீலச் சப்பாத்தை மிதிச்சுடாதே' என்பாராம். இதை வைத்துப் பாட்டு எழுது என்று கேஷ் சொன்னபோது, சப்பாத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று பெர்கின்ஸ் விட்டுவிட்டார். அப்புறம் ஒரு நடன விருந்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, மேடைக்கு முன்னால் ஆடிய பையன் ஒருவன், கூட ஆடும் அழகான பெண்ணிடம் சப்பாத்தை மிதிக்காதே என்று எரிந்து விழுந்ததைக் கேட்டார். இவ்வளவு அழகான பெண்ணைவிடவா சப்பாத்து பெரிது என்ற ஆச்சரியத்தில் தூக்கம் வரவில்லை. விடியும் முன்னே எழுந்து, வீட்டில் காகிதம் இல்லாமல், உருளைக்கிழங்கு வந்த பழுப்புப் பையைக் கிழித்து அதில் எழுதினார். 'ஸ்வேட்' (வெல்வெட் மாதிரி மெதுவான தோல்) என்ற சொல்லைத் தப்பாகத்தான் எழுதினாராம். வீட்டுச் செலவுக்காக ரொட்டி ஆலையில் தட்டுக்கு எண்ணெய் பூசும் வேலையெல்லாம் பார்த்தவருக்கு அந்த வகைச் சப்பாத்து எங்கே பழக்கம்?

எனக்கும் பழக்கம் இல்லை. இருபது வயதில் கேம்பல் ஸ்திரீட் அஞ்சடியில் நீல நிறத்தில் ஒரு ஜோடி பார்த்து, அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கினேன். நவம்பர் மழையில் இரண்டே வாரம். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தபோது பூஞ்சணம் பிடித்துப் பச்சைச் சப்பாத்தாகியிருந்தது. நம் ஊருக்கு ரப்பர்ச் செருப்புத்தான் சரி.

பெர்கின்ஸுக்கு அந்தக் கார் விபத்து நடக்காமல் இருந்திருந்தால் எல்விஸ் இடத்தில் அவர்தான் இருந்திருப்பார் என்று படித்தேன். விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள் ஐயா! (வாசகர், சுங்கை டுவா)

இந்தக் கதையை நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன், சொல்பவர்கள் எல்லோரும் உங்களை மாதிரிப் பெருமூச்சோடுதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தேதிகளைப் பாருங்கள்.

விபத்து நடந்தது 1956 மார்ச் 22. நியூயார்க்கில் பாடகர் பெரி கோமோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தில் டோவர் அருகே, விடியற்காலையில் இவர்கள் கார் ஒரு பிக்கப் லாரியின் பின்னால் மோதியது. அந்த லாரியை ஓட்டியவர் இறந்துவிட்டார் (விதியின் விளையாட்டைப் பேசுபவர்கள் இந்த மனிதரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை). பெர்கின்ஸுக்குக் கழுத்தில் முறிவு, மண்டையில் அடி. கூட வந்த அண்ணன் ஜேய்க்கு இன்னும் மோசம், கழுத்து முறிந்து உள்காயம் வேறு.

இப்போது எல்விஸ் பக்கம் வாருங்கள். அவர் இந்தப் பாட்டைப் பதிவு செய்தது ஜனவரி 30. தொலைக்காட்சியில் முதல் தடவை பாடியது பிப்ரவரியில், விபத்துக்கு ஒரு மாதத்துக்கும் முன்னால். ஆக, பெர்கின்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்த நேரம் பார்த்து எல்விஸ் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்பது நிற்காது. எல்விஸின் வாத்தியக்காரர்கள் மூன்று பேரும் நியூயார்க் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். இரண்டாவது, விபத்துக்குப் பிறகும் தட்டு விற்றுக்கொண்டேதான் இருந்தது. பத்து லட்சம் விற்ற முதல் சன் தட்டு அது, நாட்டுப்பாட்டு, பாப், ரிதம் அண்ட் புளூஸ் என மூன்று பட்டியலிலும் மேலே ஏறியது. பாப் பட்டியலில் 2ஆம் இடம். முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றது எல்விஸ்தான், ஆனால் வேறு பாட்டோடு. இதே பாட்டை எல்விஸ் தனித்தட்டாக வெளியிட்டபோது 20ஐத் தாண்டி மேலே போகவில்லை. அதாவது பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர் பெர்கின்ஸ்.

மே மாதம் அதே பெரி கோமோ நிகழ்ச்சியில் வந்து பாடவும் பாடினார். ஆனால் அதற்குள் எல்விஸ் வேறு உயரத்துக்குப் போயிருந்தார். அதற்குக் காரணம் விபத்து இல்லை. எல்விஸுக்கு 21 வயது, கல்யாணம் ஆகாதவர், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத முகம், பின்னால் ஆர்.சி.ஏ. மாதிரி பெரிய இசைத்தட்டுக் கம்பெனி. சன்னிடமிருந்து அவரை வாங்கவே 35,000 டாலர் கொடுத்தவர்கள் அவர்கள். பெர்கின்ஸ் மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியவர், முன்நெற்றி ஏறத் தொடங்கியவர், கூச்சக்காரர், மெம்பிஸின் சின்னக் கம்பெனிக்காரர். எல்விஸின் முகவெட்டையும் ஆட்டத்தையும் தன்னால் நெருங்க முடியாது என்று அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொன்னவர். தானே பாட்டெழுதி, தானே பாடி, தானே கித்தாரும் வாசித்தவரை, இன்னொருவராக ஆக முடியாமல் போனவர் என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எம்.ஜி.ஆர் ஆக முடியாமல் போனவர் என்று சந்திரபாபுவை யாராவது சொல்வார்களா?

சந்திரபாபு என்றதும் ஒரு விஷயம். அவர் குரலை உடைத்து 'யோடலிங்' செய்வாரே, அந்தச் சங்கதியை அமெரிக்காவில் நாட்டுப்பாட்டுக்காரர்கள் 1920களிலேயே தட்டில் பாடிவிட்டார்கள். ராக்கபில்லிக்காரர்கள் நடுவில் விக்கல் வந்தமாதிரிப் பாடுவதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆக நம் அப்பா தாத்தாக்களுக்கு இந்தப் பாட்டு முழுக்க அந்நியம் இல்லை. சரி, கேள்வியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

விபத்தில் அவர் உண்மையாக இழந்தது அண்ணனை. ஜேய் எழுந்து மறுபடி வாசித்தாலும் பழைய ஆளாக இல்லை, 1958இல் மூளைக் கட்டியால் இறந்துபோனார். மூன்று அண்ணன் தம்பிகள் வாத்தியத்தோடு ஒரே காரில் திரிந்த குழு அது, தம்பி கிளேட்டன் வாசித்தது டபுள் பாஸ், நிற்க வைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் திரும்பி வரவே இல்லை. என்னைக் கேட்டால் பெருமூச்சு விட வேண்டிய இடம் இதுதான்.

கலைஞர்கள் எல்லாம் ஏன் குடித்து அழிகிறார்கள்? உங்கள் பெர்கின்ஸும் அப்படித்தானாமே. (வாசகி, நிபோங் தெபால்)

குடித்தார், அம்மா. மறைக்கவில்லை. பதினான்கு பதினைந்து வயதிலேயே சாராயக்கடைகளில் வாசிக்கப் போனவர், கூலியோடு போத்தலும் கிடைக்கும். கள்ளுக்கடைக்குப் பக்கத்திலேயே பஜனை மடம் வைத்திருந்தால் என்ன ஆகும்? அண்ணன் போனபின் இன்னும் மோசமானார். 1960களின் நடுவில் ஜானி கேஷ் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். கேஷுக்கு மாத்திரை, இவருக்கு மது, இரண்டு நோயாளிகள் ஒரே பஸ்ஸில். கலிபோர்னியாவில் ஒருமுறை அளவுக்கு மீறிக் குடித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பயந்துபோய், கடற்கரைக்குப் போய்க் கையிலிருந்த போத்தலைக் கடலில் வீசினார். அதிலிருந்து மீண்டார். அழிந்தார் என்று நீங்கள் எழுதியது மட்டும் தப்பு.

மீண்ட பிறகு அவர் எழுதிக் கொடுத்த குடும்பப் பாட்டு ஒன்று கேஷின் குரலில் 1969 தொடக்கத்தில் 6 வாரம் நாட்டுப்பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. கேஷ் 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைச்சாலையில் கைதிகள் முன் பாடினாரே, அன்று கேஷுக்கு முன்னால் மேடையேறி நீலச் சப்பாத்தைப் பாடியதும் இவர்தான். பத்து வருஷம் இன்னொருவருக்குப் பின்னால் நின்று கித்தார் வாசித்தார், அதைப் பற்றி முகம் சுளித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. 1973இல் தம்பி கிளேட்டனையும் பறிகொடுத்தார். ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகி இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1981இல் தன் ஊரான ஜாக்சனில் குழந்தைகள் பாதுகாப்பு மையம் தொடங்க முன்னின்றார். அது இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

பீட்டில்ஸுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், தஞ்சோங் பூங்ஙா)

அவர்கள் இவருடைய பக்தர்கள். பெர்கின்ஸ் தட்டில் வந்த மூன்று பாட்டுகளை 1964இல் பதிவு செய்தார்கள், அதில் ஒன்று பதிவாகும்போது லண்டன் ஸ்டூடியோவில் பெர்கின்ஸே இருந்தார். பீட்டில்ஸில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 1960இல் ஸ்காட்லாந்துக்குக் கச்சேரிக்குப் போனபோது தன் பெயரை 'கார்ல் ஹாரிசன்' என்று வைத்துக்கொண்டவர். 1985இல் லண்டனில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன் எல்லோரும் பெர்கின்ஸைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாசித்தார்கள். ஹாரிசன் முகத்தை மட்டும் பாருங்கள், போதும். 1998 ஜனவரி 19, பெர்கின்ஸ் 65 வயதில் இறந்தார். ஜாக்சனில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஹாரிசன் வந்து அவருடைய பாட்டு ஒன்றைக் கித்தாரோடு பாடினார்.

ராக்கபில்லியில் பெண்களே இல்லையா அங்கிள்? (ஐந்தாம் படிவ மாணவி, ஜார்ஜ் டவுன்)

வாண்டா ஜாக்சனைத் தேடிக் கேள், அம்மா. 1937இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர், நாட்டுப்பாட்டு பாடிக்கொண்டிருந்தவரை ராக் பாடு என்று தூண்டிவிட்டவர் எல்விஸ். அடித்தொண்டையில் ஒரு உறுமல் வரும் பார், நம் உறுமி மேளம் தோற்றுப்போகும். அமெரிக்காவில் சரியாகப் போகாத அவருடைய பாட்டு ஒன்று ஜப்பானில் பெரிய ஹிட் ஆகி, 1959இல் அங்கே கச்சேரி நடத்தப் போனார். அந்தப் பாட்டில் ஹிரோஷிமா, நாகசாகி பெயரெல்லாம் வரும். ஜப்பான்காரர்கள் எப்படி ரசித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

நான் கித்தார் படிக்கிறேன். பழைய சன் தட்டுகளில் வரும் அந்த எதிரொலியை எப்படிக் கொண்டுவந்தார்கள்? (மாணவர், ஜெலுத்தோங்)

சன் கம்பெனி முதலாளி சாம் பிலிப்ஸிடம் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள் இருந்தன. பாட்டை ஒன்றில் பதிந்துகொண்டே இன்னொன்றுக்கும் அனுப்பினார். டேப்பில் பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு, அதைக் கடக்க டேப்புக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் ஆகும். அந்தத் தாமதச் சத்தத்தை அசலோடு கலந்தார். ஒரே ஒரு எதிரொலி, அவ்வளவுதான், குகைக்குள் கத்தினமாதிரி நீளாது. அடுக்குமாடி வீட்டு மாடிப்படியில் கை தட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அது. இப்போது மலிவான டிலே பெடலிலேயே கிடைக்கும்: 120, 130 மில்லிவினாடி, ஒரே ஒரு திருப்பம்.

ஆனால் பெடலை வாங்கும் முன் டபுள் பாஸைக் கவனியுங்கள். கம்பியை இழுத்து விட்டுப் பலகையில் அறைவார்கள், 'டிக்' 'டக்' என்று. டிரம் இல்லாமலே தாளம் நிற்கும். எல்விஸின் முதல் தட்டுகளில் டிரம்மே கிடையாது. கூட்டாளி யாரையாவது பாஸ் வாசிக்கப் பிடியுங்கள். தனியாக உட்கார்ந்து வாசித்தால் ராக்கபில்லி பாதிதான் வரும்.

அந்த எட்டு வெள்ளித் தட்டு நன்றாகப் பாடுகிறதா? நானும் ஒன்று தேடுகிறேன். (மூன்று வாசகர்கள்)

நன்றாகப் பாடுகிறது. கீறலே இல்லை. ஆனால் பெர்கின்ஸ் பாடவில்லை. அட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் உள்ளே இருப்பதை உருவிப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டேன், வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தால் டொங் டொங் சியாங் என்று சீனப் பெருநாள் பாட்டு. அடுத்த வாரம் போனால் கடைக்காரர் அந்த இடத்தில் இல்லை, பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் 'அட்டை ஆறு வெள்ளி பெறும், தட்டு இரண்டு வெள்ளிதானே' என்று கணக்குச் சொல்கிறார். அட்டையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். தட்டை என் வீட்டுக்காரிக்குப் பிடித்துவிட்டது, தோசை சுடும்போது போடச் சொல்கிறார். வாங்கப் போகிறவர்கள் உறைக்குள் கையை விட்டுப் பார்த்து வாங்குங்கள், காலை எட்டு மணிக்குள் போங்கள்.